பல்லைப் பிடித்துப் பார்க்கட்டும்: பழைய காரைத் தானம் கொடுப்பது பற்றி

களுபோவில ஆஸ்பத்திரிக்குப் பின்னால் உள்ள ஒழுங்கை ஒன்றில், என் வீட்டிலிருந்து மூன்று வீடு தள்ளி, ஒரு நிஸான் சனி நாலு வருடமாக அசையாமல் நின்றது. 1996ஆம் ஆண்டு வண்டி. டயர் நான்கும் சப்பளிந்து நிலத்தோடு ஒட்டிவிட்டன. வைப்பருக்கும் கண்ணாடிக்கும் நடுவில் பலாச் சருகு மக்கி, அதில் ஒரு பூண்டு முளைத்திருந்தது. அந்த வீட்டு அண்ணர் இருந்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை அதைக் கழுவித் துடைக்காமல் சாப்பிட மாட்டார். அவர் போன பிறகு பொனற்றின் மேல் பூனை படுக்கும்.

ஒரு நாள் அந்த வீட்டு அக்கா, அண்ணரின் மனைவி, என்னைக் கூப்பிட்டார். "தம்பி, மகன் சொல்லுறான், உதைச் செரிற்றிக்குக் குடுத்துவிடட்டாம். கனடாவில போன் அடிச்சா வந்து கட்டி இழுத்துக்கொண்டு போவினமாம். இஞ்சை ஆருக்குப் போன் அடிக்கிறது?"

நல்ல கேள்வி. எனக்குத் தெரிந்த பதிலை அன்றைக்கு இரண்டு வரியில் சொன்னேன்: "ஆருக்கும் அடிக்காதேங்கோ அக்கா. முதலில சீ.ஆரை எடுங்கோ." சீ.ஆர். என்றால் வண்டியின் பதிவுச் சான்றிதழ். அந்த இரண்டு வரியின் விரிவுதான் இந்த அத்தியாயம்.

அங்கே ஏன் இழுத்துக்கொண்டு போகிறார்கள்

அக்காவின் மகன் பொய் சொல்லவில்லை. கனடாவின் சிறுநீரக அறக்கட்டளை 'கிட்னி கார்' என்ற பெயரில் பழைய வண்டிகளைத் தானமாக வாங்கும் திட்டத்தைப் பல காலமாக நடத்தியது. ஓடினாலும் ஓடாவிட்டாலும் வந்து எடுப்பார்கள். ஓடுவதை ஏலத்தில் விற்பார்கள், ஓடாததை இரும்புக்கும் பாகங்களுக்கும் விற்பார்கள். வரும் காசு அறக்கட்டளைக்கு, வருமான வரிக்குக் காட்ட ஒரு ரசீது கொடுத்தவருக்கு. அமெரிக்காவிலும் இதே வழிதான். ஆனால் அங்கே ஆட்கள் 500 டொலருக்கும் பெறாத தகரத்துக்கு ஆயிரக்கணக்கில் பெறுமதி எழுதி வரியைக் குறைக்கப் பார்த்தார்கள். அதனால் 2005 முதல் சட்டம் இறுகிவிட்டது: 500 டொலருக்கு மேல் கழிவு கேட்டால், அறநிலையம் வண்டியை விற்ற விலைதான் பொதுவாக உங்கள் கழிவு.

இந்த ஏற்பாடு ஓடுவதற்கு ஒரு காரணம் வேண்டும். பழைய கார் அங்கே ஒரு சுமை. நிறுத்த இடமில்லை, திருத்தக் கூலி வண்டியின் விலையைத் தாண்டும், பனியும் உப்பும் அடிப்பாகத்தைத் தின்றுவிடும். எடுத்துக்கொண்டு போனால் போதும் என்பவனிடம் வந்து எடுப்பது சுலபம்.

எங்கள் ஊரில் எந்தக் காரும் அப்படிச் சாவதில்லை. யாழ்ப்பாணத்தில் பெற்றோல் தடை இருந்த காலத்தில் ஏ-40 ஒஸ்ரினை மண்ணெண்ணெயில் ஓட்டிய சனம் நாங்கள். காபரேட்டருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு உயிர் கொடுத்து, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பின்னால் வரும் புகையில் சைக்கிள்காரனுக்குக் கண் எரியும். கொழும்பில் பஞ்சிகாவத்தைக்குப் போய் ஒரு வீதியைச் சுற்றி வந்தால், கதவுப் பிடியிலிருந்து கியர்பொக்ஸ் வரை கழற்றித் தொங்கவிட்டிருப்பார்கள். அங்கே போகும் வண்டி செத்த வண்டி அல்ல, பல வண்டிகளுக்குள் பிரிந்து ஓடப் போகும் வண்டி.

அதற்கு மேல் இறக்குமதித் தடை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரி 1ஆம் திகதிதான் மறுபடி வாசல் திறந்தது, அதுவும் கழுத்தளவு வரியோடு. இந்த ஐந்து வருடத்தில் வாங்கிய விலையைவிடக் கூடிய விலைக்குப் பழைய காரை விற்றவர்கள் எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கிறார்கள். உலகத்தில் வேறெங்கே நடக்கும் இது?

ஆகவே இந்த நூலில் நான் அடித்துச் சொல்லும் சில விஷயங்களில் இது ஒன்று: இலங்கையில் நீங்கள் கொடுக்க நினைக்கும் காரைத் தானமாகக் கொடுக்காதீர்கள். விற்றுக் காசைக் கொடுங்கள். பத்தில் எட்டுப் பேருக்கு இதுதான் சரி. மிச்ச இரண்டு பேருக்குப் பின்னால் வருகிறேன்.

யானைக்குத் தீனி

"தானமாகக் கிடைத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே" என்பார்கள். கொடுக்கிறவருக்கு வசதியான பழமொழி. வாங்குகிற இல்லத்தை நடத்துபவரிடம் கேட்டுப் பாருங்கள். பல்லைப் பிடித்துப் பார்க்காமல் வாங்கிய மாடு எத்தனை வீட்டு வைக்கோலைத் தின்றிருக்கிறது என்று சொல்வார்.

ஒரு காரை வைத்திருக்க என்ன வேண்டும்? வருடாவருடம் புகைப் பரிசோதனை. 2008 முதல் அது இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் இல்லை. காப்புறுதி, குறைந்தது மூன்றாம் தரப்புக்காவது. பெற்றோல். பற்றரி. சாரதி. சாரதிக்குச் சம்பளம், சாப்பாடு, தீபாவளிக்கு உடுப்பு. முப்பது பிள்ளைகள் இருக்கும் ஓர் இல்லத்துக்கு ஐந்து பேர் ஏறும் கார் எதற்கு? பாடசாலைக்கு ஏற்றிப் போக வான் வேண்டும். சந்தையில் மரக்கறி ஏற்றிவர முச்சக்கரவண்டி போதும். கார் கிடைத்தால் அதில் செயலாளர் போவார். இதைக் குத்தலாகச் சொல்லவில்லை, நடப்பைச் சொல்கிறேன்.

நீங்கள் கொடுக்கிற வண்டிக்கு ஒரு வருடச் செலவைத் தாளில் எழுதிப் பாருங்கள். அந்தத் தொகையையும் சேர்த்துக் கொடுக்க மனம் வராவிட்டால், யானையைக் கட்டிவிட்டுத் தீனியை அவர்கள் தலையில் போடுகிறீர்கள் என்று அர்த்தம்.

பெயர் மாறாத கார்: என் கதை

பெயர் மாற்றாமல் கொடுத்தால் என்ன வரும் என்பதைப் புத்தியால் அறிந்து சொல்லவில்லை, பட்டு அறிந்தேன். 2011இல் என்னிடம் ஒரு பழைய மாருதி 800 இருந்தது. புதிது வாங்கினேன், பழையதைத் தெரிந்த ஒரு சிறுவர் இல்லத்துக்குக் கொடுத்தேன். பெயர் வேண்டாம், இன்றைக்கும் நல்ல வேலை செய்கிறார்கள். படிவங்களில் கையெழுத்து வைத்து, அடையாள அட்டைப் பிரதியும் வைத்து, சீ.ஆரோடு உறையில் போட்டுக் கொடுத்துவிட்டேன். பெயர், திகதி எதுவும் நிரப்பவில்லை. "நீங்கள் ஆறுதலாக மாத்துங்கோ" என்று பெருந்தன்மையாகச் சொன்னதும் நான்தான். பால் பொங்கல் செய்து தந்தார்கள். சந்தோஷமாக ஆட்டோவில் வீடு வந்தேன்.

இதற்குத்தான் ஊரில் 'ஓப்பன் பேப்பர்' என்று பேர். கையெழுத்து வைத்த வெற்றுப் படிவம் வண்டியோடு சுற்றும். ஒருவர் வாங்கி இன்னொருவருக்கு விற்பார், அவர் மற்றவருக்கு. யாரும் தங்கள் பெயருக்கு மாற்றாமல் மாற்றுக் கட்டணத்தை மிச்சம் பிடிப்பார்கள். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் ஏட்டில் மட்டும் நீங்கள் சாகும்வரை சொந்தக்காரர்.

மூன்று வருடம் கழித்து ஒரு காலை, பல் விளக்கிக்கொண்டு நிற்கிறேன், கேற்றடியில் பொலிஸ். குருநாகல் பக்கம் ஒரு சைக்கிள்காரரை இடித்துவிட்டு நிற்காமல் போன மாருதிக்கு நான்தான் உரிமையாளராம். நான் குருநாகலுக்குக் கடைசியாகப் போனது ஒரு கல்யாணத்துக்கு. இல்லத்துக்கு ஓடினேன். அவர்களுக்குப் பராமரிக்க முடியவில்லை, அடுத்த வருடமே ஒரு புரோக்கரிடம் விற்றுவிட்டார்கள். யாருக்கு விற்றார்கள் என்ற துண்டு அவர்களிடம் இல்லை. நான் கொடுத்ததற்கான துண்டு என்னிடமும் இல்லை. வாக்குமூலம், சட்டத்தரணி, இரண்டு தடவை குருநாகல் பஸ். இடிபட்டவருக்குக் கால் முறிவோடு போனது, கடவுள் புண்ணியம். கடைசியில் வண்டியை வைத்திருந்தவர் அகப்பட்டார், நான் தப்பினேன். அந்தப் பால் பொங்கலின் விலையை நான் ஒருவருக்கும் சொல்வதில்லை.

1951ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துச் சட்டம் கைமாறிய 14 நாளுக்குள் புதியவர் தன் பெயரில் பதியவேண்டும் என்கிறது. அதைச் சட்டமாகவே யாரும் எண்ணாத காலம் இருந்தது. இப்போது எண்ண வைக்கிறார்கள். 2022இல் எரிபொருளுக்குக் கியூ.ஆர். வந்தபோது, ஓப்பன் பேப்பரில் ஓட்டியவர்கள் எங்கேயோ இருக்கும் பழைய சொந்தக்காரரைத் தேடி அலைந்தது நினைவிருக்கும். 2024 ஜனவரி முதல் கொழும்புச் சந்திகளில் கமெராவில் பிடிபடும் வண்டிக்கு, பதிவில் உள்ளவரின் வீட்டைத் தேடித்தான் அறிவித்தல் வருகிறது. நீங்கள் தானம் கொடுத்த வண்டி பம்பலப்பிட்டியில் சிவப்பு விளக்கைத் தாண்டினால் கடிதம் உங்களுக்கு.

சீ.ஆரில் என்ன பார்க்க வேண்டும்

பதிவுச் சான்றிதழைக் கையில் எடுங்கள். முதல் கேள்வி, அதில் யார் பெயர்? உங்கள் பெயர் இல்லை என்றால் நீங்களே ஓப்பன் பேப்பரில் ஓடுகிறீர்கள். உங்களுடையது அல்லாததை எப்படித் தானம் கொடுப்பது? முதலில் உங்கள் பெயருக்கு எடுங்கள்.

இரண்டாவது, 'அப்சலூட் ஓனர்' என்ற இடத்தில் ஒரு லீசிங் கம்பெனியின் பெயர் இருக்கிறதா? பத்து வருடத்துக்கு முன் கட்டி முடித்திருப்பீர்கள், கம்பெனியும் கடிதம் தந்திருக்கும், அந்தக் கடிதம் எந்தப் பெட்டியிலோ கிடக்கும். அதைப் பதிவிலிருந்து நீக்காமல் வண்டி நகராது. கம்பெனி இன்னொரு கம்பெனியோடு சேர்ந்திருந்தால் யாரிடம் கடிதம் வாங்குவது என்று ஒரு நாள் போகும். இதைக் கடைசி நேரத்துக்கு விடாதீர்கள்.

மூன்றாவது, வண்டி வரிச்சலுகை பெர்மிட்டில் வந்ததா? அரச உத்தியோகத்தர், வைத்தியர், மாற்றுத்திறனாளி ஆகியோருக்கான பெர்மிட்டில் வந்த வண்டியை நினைத்த மாத்திரத்தில் கைமாற்ற முடியாது, நிபந்தனை உண்டு.

அக்காவின் சீ.ஆரில் இருந்தது அண்ணரின் பெயர். இதுதான் எல்லாவற்றிலும் நீளமான வழி. கணவர் பெயரில் உள்ள வண்டியில் மனைவி கையெழுத்து வைத்துக் கொடுக்க முடியாது. மரணச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், வெளிநாட்டில் உள்ள பிள்ளையின் சம்மதம் என்று ஒரு கோப்பு வேண்டும். சொத்தின் அளவைப் பொறுத்து நீதிமன்றமும் வரலாம். வெள்ளவத்தையில் ஒரு சட்டத்தரணியிடம் அக்காவைக் கூட்டிப்போனேன். மகன் ஸ்காபரோவிலிருந்து கையெழுத்து வைத்து அனுப்பிய தாள் ஒரு தடவை பிழை, மறுபடி அனுப்பினான். எட்டு மாதம் போனது. "ஒரு காரைச் சும்மா குடுக்க இவ்வளவு பாடோ?" என்று அக்கா கேட்டார். வேறு என்ன சொல்வது, ஓம் என்றேன்.

உயிரோடு இருக்கும்போதே பெயரை மாற்றி வைத்துவிடுங்கள் என்று வயதானவர்களிடம் சொன்னால் முகம் சுருங்கும். ஆனாலும் சொல்லுங்கள்.

இலக்கத் தகட்டையும் ஒருமுறை பாருங்கள். 'ஸ்ரீ' எழுத்துப் போட்ட வண்டியென்றால் கொஞ்சம் பொறுங்கள். 1957இல் அந்த எழுத்து வந்தபோது எங்கள் ஆட்கள் அதன் மேல் தார் பூசிப் போராடினார்கள், அடுத்த வருடம் நாடே எரிந்தது. இன்றைக்கு அதே எழுத்துள்ள மொறிஸ் மைனரையும் வொக்ஸ்வாகனையும் சேகரிப்பாளர்கள் தேடிக்கொண்டு வருகிறார்கள். தாத்தாவின் மொறிஸ் மைனரை இரும்புக்காரனுக்குத் தள்ளிவிடாமல், பழைய கார்களைச் சேர்ப்பவர் இரண்டு பேருக்காவது காட்டி விலை கேளுங்கள்.

விற்பது

இதைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. கராஜுக்குக் கொண்டுபோய்க் கழுவிப் பற்றரி மாற்றி ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்கள். ஓடும் வண்டிக்கும் ஓடாத வண்டிக்கும் இடையில் சில இலட்சம் வித்தியாசம் வரும், பற்றரியின் விலை அதற்குள் தூசு. எங்கள் பக்கத்துக் கராஜ் நானா அக்காவின் சனியைப் பார்த்தார். பெற்றோல் தாங்கியில் நாலு வருடப் பெற்றோல் பழுதாகிக் கிடந்தது. இறக்கி, தாங்கியைக் கழுவி, பிளக் மாற்றி, இரண்டாம் நாள் பின்னேரம் ஸ்டார்ட் பண்ணினார். ஒழுங்கையே எட்டிப் பார்த்தது. அக்கா உள்ளே போய்விட்டார்.

புரோக்கர் முதலில் சொல்லும் விலையை ஒப்புக்கொள்ளாதீர்கள். பத்திரிகையில், இக்மன் இணையத்தளத்தில் அதே மாதிரி, அதே வருடம் என்ன விலைக்குப் போகிறது என்று ஒரு கிழமை பாருங்கள். சனிக்கு முதலில் வந்த புரோக்கர் "தர்மத்துக்குத்தானே அக்கா, 14 இலட்சம் போதும்" என்றார். தர்மம் என்ற சொல்லைக் கேட்டதும் விலையைக் குறைக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். ஆகவே விற்கும்போது எதற்காக விற்கிறீர்கள் என்று வாயைத் திறக்காதீர்கள். கடைசியில் மூன்று கிழமை கழித்து ஒரு வாத்தியார் குடும்பம் 22 இலட்சத்துக்கு எடுத்தது. வாங்கியவரும் அக்காவும் ஒன்றாக நாரஹேன்பிட்டவில் உள்ள திணைக்களத்துக்குப் போய்ப் படிவங்களைக் கொடுத்தார்கள்.

ஒரு குறிப்பு: களுபோவிலக்காரருக்கு வெரஹெர பக்கம். திணைக்களத்தின் கிளை அங்கே இருக்கிறதே என்று கோப்பைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அங்கே நடப்பது சாரதி அனுமதிப்பத்திர வேலை. உரிமை மாற்றத்துக்கு நாரஹேன்பிட்ட.

வரியில் எது கழியும்

வரி கட்டுகிறவர்கள் மட்டும் இந்தப் பகுதியைப் படித்தால் போதும். ஆனால் அவர்கள் இரண்டு தடவை படிக்க வேண்டும், ஏனென்றால் கனடாக் கதை இங்கே தலைகீழ்.

2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தில் தகைமைக் கொடுப்பனவுகள் என்று ஓர் அட்டவணை உண்டு. நோயாளரையும் வறியவரையும் வைத்துப் பராமரிக்கும், அமைச்சரின் அங்கீகாரம் பெற்ற தர்ம நிறுவனத்துக்குத் தனிநபர் கொடுத்தால் கழிவு உண்டு. ஆனால் அந்தக் கொடை பணமாக இருக்க வேண்டும். உச்சவரம்பு 75,000 ரூபாய் அல்லது வரிக்குரிய வருமானத்தில் மூன்றில் ஒன்று, எது குறைவோ அது. கார் பணம் அல்ல. அங்கீகாரம் பெற்ற முதியோர் இல்லத்துக்கே 20 இலட்சம் பெறும் காரைத் தூக்கிக் கொடுத்தாலும் அதற்குக் கழிவு இல்லை. விற்றுக் காசோலையாகக் கொடுத்தால் 75,000 வரையாவது கழியும்.

அரசாங்கம், உள்ளூராட்சி சபை, பல்கலைக்கழகம் போன்றவற்றுக்குக் கொடுப்பது வேறு கணக்கு. அங்கே பணமாகவும் கொடுக்கலாம், பொருளாகவும் கொடுக்கலாம், அந்த 75,000 வரம்பும் இல்லை. களுபோவில ஆஸ்பத்திரி, அதாவது கொழும்பு தெற்குப் போதனா வைத்தியசாலை, அரசாங்கத்தின் சொத்து. அங்கே முறைப்படி கொடுப்பது இந்த வகையில் வரும். சட்டத்தை அடிக்கடி திருத்துகிறார்கள், ஆகவே கொடுக்கும் வருடத்தில் உங்கள் கணக்காளரிடம் ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.

அதற்காக நாளைக் காலையே ஆஸ்பத்திரி வாசலில் காரைக் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள். அரச நிறுவனம் ஒரு வாகனத்தை ஏற்றால் அது பதிவேட்டில் ஏறும், மேலிடத்து அனுமதி வேண்டும், சாரதி வேண்டும். பணிப்பாளருக்குக் கடிதம் எழுதி, என்ன தேவை என்று முதலில் கேளுங்கள். பெரும்பாலும் அவர்கள் கேட்பது கார் அல்ல, சக்கர நாற்காலி, கட்டில், ஏதாவது ஓர் இயந்திரத்தின் உதிரிப்பாகம். காரை விற்று அதை வாங்கிக் கொடுத்தால் கழிவும் உண்டு, கட்டிலில் ஒருவர் படுக்கவும் செய்வார்.

மிச்ச இரண்டு பேர்

காரையே கொடுப்பது சரியாக வரும் இடங்களும் உண்டு.

ஒன்று, வான் வைத்திருப்பவர். 2016இல் தொடங்கிய 1990 சுவசெரிய அம்புலன்ஸ் ஆபத்து நேரத்தில் காசில்லாமல் வந்து ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போகிறது. நல்ல காரியம். ஆனால் அது வீட்டுக்குத் திரும்பக் கூட்டிப் போகாது. களுபோவில ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பின்னேரம் நின்று பாருங்கள். ரத்தச் சுத்திகரிப்பு முடிந்து தோளில் துவாயோடு படியில் உட்கார்ந்திருப்பவர், மஹரகமவுக்கு மருந்து ஏற்றப் போக வேண்டியவர், டிஸ்சார்ஜ் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு வான்காரரோடு பேரம் பேசும் மகள். இப்படி நோயாளரை ஏற்றி இறக்கும் வேலையை ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் ஒரு சங்கமோ கோயிலோ பள்ளிவாசலோ தேவாலயமோ உங்களுக்குத் தெரிந்தால், ஓடும் நிலையில் உள்ள வான் அவர்களுக்குத் தங்கம். 'ஏற்கெனவே' என்ற சொல்லைக் கவனியுங்கள். வான் கிடைத்தால் தொடங்குவோம் என்பவருக்குக் கொடுக்காதீர்கள்.

நிறுவனத்துக்குக் கொடுப்பதென்றால் அது எந்தச் சட்டத்தில் பதிந்தது என்று கேளுங்கள். 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தன்னார்வ சமூக சேவை அமைப்பாகவோ, உத்தரவாதத்தால் வரையறுத்த கம்பெனியாகவோ, பாராளுமன்றச் சட்டத்தாலோ, நம்பிக்கைப் பொறுப்பாகவோ இருக்கலாம். கேட்பதில் வெட்கம் வேண்டாம், ஒழுங்காக நடத்துபவர் சந்தோஷமாகக் காட்டுவார். வண்டி அந்த நிறுவனத்தின் பெயரில் பதியப்பட வேண்டும். தலைவர் பெயரில் அல்ல, சுவாமியார் பெயரில் அல்ல, "இப்போதைக்கு என் பெயரில் இருக்கட்டும்" என்னும் பொருளாளர் பெயரில் அல்லவே அல்ல. வண்டியை ஏற்கும் நிர்வாகசபைத் தீர்மானத்தின் பிரதி ஒன்று கேளுங்கள். முதலில் அவர்கள் ஒரு மெக்கானிக்கைக் கூட்டிவந்து வண்டியைத் தட்டிப் பார்க்கட்டும், வேண்டாம் என்று சொல்லும் உரிமையோடு. பல்லைப் பிடித்துப் பார்க்காமல் வாங்குகிறவரிடம் எனக்கு இப்போதெல்லாம் நம்பிக்கை வருவதில்லை.

மற்றது, உழைக்க வண்டி வேண்டிய ஒருவர். வேலை போன சாரதி, பிக்மீயில் ஓட்டிப் பிழைக்க நினைக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளை. வரிக் கழிவு ஒன்றும் கிடையாது. ஆனால் காரின் பெறுமதி முழுவதும் ஒரு குடும்பத்தின் கைக்குப் போகும் வழி இதைவிட நேரானது இல்லை. ஒரு எச்சரிக்கை மட்டும். 2023இல் வந்த அஸ்வெசும உதவி, குடும்பத்தின் சொத்துகளையும் பார்த்தே தகுதியைக் கணக்கிடுகிறது, வாகனமும் அதில் அடங்கும். அஸ்வெசும வாங்கும் வீட்டுப் பெயரில் ஒரு காரைப் பதிந்தால் மாதாமாதம் வரும் காசு நிற்கக்கூடும். அந்த வீட்டுக்காரரோடு உட்கார்ந்து கணக்குப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். கார் உழைத்துத் தருவது உதவித்தொகையைவிடக் கூட என்று அவரே சொல்ல வேண்டும், நீங்கள் அல்ல.

ஓடவே ஓடாது, திருத்தவும் முடியாது என்னும் வண்டியையும் உடனே பஞ்சிகாவத்தைக்கு அனுப்ப வேண்டியதில்லை. மொரட்டுவையில் உள்ள இலங்கை–ஜேர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிலையம், கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் திறந்த ஜேர்மன் பயிற்சி நிறுவனம் போன்ற இடங்களில் பிள்ளைகள் வாகனத் தொழில் படிக்கிறார்கள். கழற்றிப் பூட்டிப் பழக உடல் வேண்டும். கடிதம் போட்டுக் கேட்டுப் பாருங்கள். வேண்டாம் என்றால் பஞ்சிகாவத்தை இருக்கவே இருக்கிறது. வண்டியைப் பாகமாகப் பிரிக்கக் கொடுத்தாலும் திணைக்களத்தில் பதிவை இரத்துச் செய்வது உங்கள் வேலை. இல்லாவிட்டால் உங்கள் சேசிஸ் இலக்கத்தோடு வேறொரு கார் எங்கேயாவது ஓடும்.

அக்காவின் 22 இலட்சத்தில் திருத்தக் கூலியும் சட்டத்தரணி கட்டணமும் போக, பாதியைப் பேரப்பிள்ளையின் படிப்புக்கு வைத்தார். அதிலும் தப்பில்லை, முழுவதையும் கொடுத்தால்தான் தானம் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. மறுபாதி கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்துக்குக் காசோலையாகப் போனது. அங்கே குளியலறைகளில் வழுக்காத தரையும் பிடித்து நடக்கக் கம்பியும் போட்டார்கள். ரசீதைப் படம் பிடித்து மகனுக்கு அனுப்பிவிட்டு அக்கா சொன்னார்: "உவன் ஒரு போனில முடியும் எண்டான். ஒரு வருசம்."

கொடுக்கும் நாள்

இவ்வளவும் படித்த பிறகும் காரையே கொடுக்கப் போகிறீர்கள் என்றால், அன்றைக்குச் செய்ய வேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன். எம்.டி.ஏ. 6, எம்.டி.ஏ. 8 படிவங்களில் வாங்குபவரின் பெயர், முகவரி, திகதி எல்லாம் நிரம்பிய பிறகே கையெழுத்து வையுங்கள். வெற்றிடத்தில் பேனாவை வைக்காதீர்கள். இரண்டு பேரும் கையெழுத்திடும் ஒரு ஒப்படைப்புக் கடிதம் எழுதுங்கள். திகதி, மணி, மீற்றர் காட்டும் கிலோமீற்றர், இந்த நேரத்துக்குப் பின் நடப்பதற்குப் பொறுப்பு யார் என்பது அதில் இருக்கட்டும். சீ.ஆர். உட்பட எல்லாவற்றுக்கும் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காப்புறுதிக் கம்பெனிக்கு அன்றே அறிவித்து, மிச்சக் காலத்துக்குரிய காசையும் உங்கள் நோ-கிளெய்ம் கடிதத்தையும் கேட்டு வாங்குங்கள். டாஷ்போர்ட் பெட்டியைத் திறந்து பாருங்கள். அக்காவின் சனியில் அண்ணரின் மூக்குக்கண்ணாடி இருந்தது.

முதல் திறப்பை வண்டியோடு கொடுங்கள். இரண்டாவது திறப்பைப் புதிய சீ.ஆரின் பிரதி உங்கள் கைக்கு வந்த பிறகு கொடுங்கள்.